பாலருக்கு வரலாறு கற்பித்தல்

எமது கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையிலே எல்லோர் வாயிலும் வரலாறு என்னுஞ் சொல்லே வழங்குகின்றது. முதற் கட்டடம் எவ்விடத்தில் நின்றது, மணியை அடித்தவர் யார், விடுதிச்சாலை எந்த ஆண்டிலே தொடங்கியது என்றெல்லாம் பழைய மாணவர்கள் கூடுமிடந்தோறும் பேசுகின்றனர். மலர்க் குழுவினர் எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டினர். கல்லூரியின் வரலாற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். ஆதலின், அவ்வரலாற்றை நாளை ஏற்றுக் காக்கவேண்டிய சிறு பிள்ளைகளுக்கு வரலாற்றை எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்பதுபற்றிச் சில கூறத் துணிந்தோம். யாம் தமிழாசிரியர், சரித்திரத்திலே பட்டம் பெற்றவரல்லோம். ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றுக் கீழ் வகுப்புக்களிற் பல்லாண்டு கற்பித்த அனுபவம் ஒன்றே இதுபற்றிப் பேச எமக்குள்ள உரிமையாகும்.

சிறுவர்க்கு வரலாறு விளங்குமா?

இவ்வினாவுக்கு இருவகை விடைகள் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகின்றன. விளங்காது, ஆண்டும் ஆட்சியும் அறியும் வயது வந்தபின் கற்பிக்கலாம் என்பது ஒன்று. மனனஞ் செய்யும் ஆற்றல் மிக்க வயது இதுவே. ஆதலின் அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் இப்பொழுதே ஊட்டிவிடுதல் வேண்டும் என்பது மற்றொன்று.

சுவிற்சர்லாந்து தேசத்து உளவியலறிஞர் பியாசே, குழந்தை காலத்தை உணருமாறுபற்றி 1946 ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டார். சிறு குழந்தை உயரத்தையும் வயதையும் ஒன்றாக மயங்குகின்றது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. நெடிய மரமே மூத்த மரம். உயர்ந்தவரே வயதில் மூத்தவர். எமது வகுப்பிலும் இதனைக் கண்டிருக்கின்றோம். ‘சேர், எங்கள் அம்மம்மா சங்கிலி மன்னனைக் கண்டிருப்பாவா?’ என்று ஒரு பிள்ளை கேட்டபொழுது ஏனைய பிள்ளைகள் எவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது தக்க வினாவாகவே தோன்றியது.

இதனைக் கொண்டு வரலாறு பாலருக்கு ஆகாது என்று முடிவு செய்தல் தவறு. எப்பாடத்தையும் அதன் உண்மை கெடாத வடிவிலே எவ்வயதினர்க்கும் கற்பித்தல் கூடும் என்று அமெரிக்க அறிஞர் புரூனர் 1960 ஆம் ஆண்டிலே எழுதினார். அக்கூற்றின்படி நோக்கினால், நாம் ஆராயவேண்டியது வரலாற்றின் உண்மையான வடிவம் யாது என்பதே. எமது கருத்தில் அது பெயர்ப்பட்டியலிலே இல்லை. ‘இஃது எவ்வாறு தெரியும்?’ என்னும் ஒரு வினாவிலேயே இருக்கின்றது. பேராசிரியர் கேட்பதும் இவ்வினாவே. எட்டு வயதுப் பிள்ளை கேட்கத்தக்கதும் இவ்வினாவே.

1999 ஆம் ஆண்டு நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்திலே, கீழ்த் தரங்களில் வரலாறு தனிப்பாடமாக அமையாது சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்துள் அடங்கிற்று. இதனைக் குறையென்பார் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. பாடநூலின் வரிகளுக்குக் கட்டுப்படாமல், பிள்ளையின் கண்முன் உள்ளவற்றைக்கொண்டு தொடங்க ஆசிரியருக்கு அதனால் இடங் கிடைத்தது. ஆயின், ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணி அவ்விடத்தையும் ஒருசொல் விடைகளால் நிரப்பிவிடுவோரே பலர். யாமும் சில ஆண்டுகள் அவ்வாறு செய்தோம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

காலத்தை அளக்கும் கயிறு

முதலில் நீக்கவேண்டிய தடை ஆண்டு என்பது. 1619 என்று கரும்பலகையில் எழுதினாற் பிள்ளைக்கு அஃது ஓர் எண், அவ்வளவே. ஆதலின் யாம் நீண்ட தும்புக் கயிறு ஒன்றை மைதானத்துக்கு எடுத்துச் செல்வோம். பத்து ஆண்டுக்கு ஓரடி என்பது கணக்கு. கயிற்றின் நுனியை ஒரு பிள்ளை பிடித்து நிற்கும், அவ்விடமே இன்று. ஒன்பது வயதுப் பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் ஓரடிக்குள் அடங்கிவிடும். எழுபது வயது அம்மம்மா பிறந்த இடத்துக்கு ஏழடி நடத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு இருப்புப்பாதை வந்த 1905 ஆம் ஆண்டுக்கு 12 அடி. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய 1658 ஆம் ஆண்டுக்கு ஏறக்குறைய 37 அடி. போர்த்துக்கேயரிடம் சங்கிலி மன்னன் அரசிழந்த 1619 ஆம் ஆண்டு 40 அடியைச் சற்றே கடந்து நிற்கும்.

அம்மம்மா சங்கிலியைக் கண்டிருப்பாவா என்று கேட்ட பிள்ளையை ஏழாவது அடியிலே நிறுத்தி, மற்றொரு பிள்ளையைச் சங்கிலியின் இடத்தில் நிறுத்தினோம். இடைவெளியைப் பார்த்த அப்பிள்ளை தானாகவே, ‘காணமாட்டா சேர், கூப்பிட்டாலும் கேளாது’ என்றது. ஆண்டுகளை மனனஞ் செய்யும் பிள்ளையினும் அன்று அப்பிள்ளை அறிந்தது அதிகம்.

கயிறு அத்துடன் முடிவதில்லை. நயினாதீவிலே முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அம்மன்னன் 1153 முதல் 1186 வரை பொலநறுவையிலிருந்து ஆண்டவன். கயிற்றில் அவ்விடம் 85 அடியளவில் வரும். 1980 ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் நடத்திய அகழ்விலே ஓர் ஈமக்குழியிலிருந்து எழுத்துப் பொறித்த சிறு முத்திரை ஒன்று கிடைத்தது. அது ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்டதென்பர். அதற்கு 220 அடி நடத்தல் வேண்டும். பல பாடசாலைகளின் மதிலைக் கடந்து தெருவுக்கே சென்றுவிடுவோம். கயிறு போதாமற் போவதே அங்குப் பாடம்.

அண்மையிலுள்ளவை கூறும் செய்தி

காலத்தின் நீளத்தை உணர்ந்த பிள்ளைக்கு அடுத்ததாகச் சான்று என்பது யாது என்று காட்டுதல் வேண்டும். இதற்கு எமது ஊர்களிற் குறைவில்லை. பழைய தெருக்களின் ஓரத்தே மடமும், கேணியும், சுமைதாங்கியும், ஆவுரோஞ்சிக் கல்லும் அருகருகே இருத்தலைக் காணலாம். இன்று அவற்றைக் கடந்து மோட்டார்ச் சைக்கிளில் விரைவோர்க்கு அவை வெறுங் கற்களே. பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்று, ‘இக்கல் எதற்காக மனிதனின் தோளுயரத்தில் இருக்கின்றது?’ என்று கேட்டுவிட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொள்ளுதல் வேண்டும். விடையை முந்திக் கூறுதல் ஆசிரியர்க்குரிய பெருங்குறை.

எமது பிள்ளைகளுள் ஒருவன் தன் புத்தகப் பையை அதன்மேல் வைத்துப் பார்த்தான். பின்பு குனியாமலே மீண்டும் தோளில் ஏற்றினான். ‘தலைச்சுமையை இறக்கி ஏற்ற ஒருவரும் இல்லாதபோது இது உதவும்’ என்றான். அவ்வாறாயின் அக்காலத்திலே மக்கள் எவ்வாறு பயணஞ் செய்தனர்? நடந்து. மாடுகள் ஏன் வந்தன? வண்டியில் அல்லது மேய்ச்சலுக்கு. அவை உடலைத் தேய்க்க ஒரு கல், நீரருந்த ஒரு தொட்டி. பயணிகள் இரவில் எங்கே தங்கினர்? மடத்திலே. இவற்றைச் செய்வித்தவர் யார்? ஊரிலுள்ள அறவோர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி அமைக்கும் வழக்கமும் இருந்தது என்பதை மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒரு கல்லிலிருந்து பயணம், தொழில், அறம், துயரம் ஆகிய யாவும் வெளிப்பட்டன. அரசன் ஒருவனும் வேண்டியிருக்கவில்லை.

கல்வெட்டும் அத்தகையதே. முன்னர்க் கூறிய நயினாதீவுக் கல்வெட்டு ஊராத்துறைத் துறைமுகத்தைப் பற்றியது. இன்றைய ஊர்காவற்றுறை அதுவே. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு வாணிகப் பொருள் கொண்ட மரக்கலம் உடைந்தால் இரண்டிற்கும் சரிபாதி. இதனைக் கூறி, ‘யானை குதிரை கொண்டுவருவோனுக்கு மட்டும் ஏன் அரசன் கூடுதலாக விட்டுக்கொடுத்தான்?’ என்று வினவினோம். ‘அரசனுக்குச் சண்டைக்கு அவை வேண்டும் சேர். பங்கைக் கூட்டி எடுத்தால் அடுத்தமுறை வரமாட்டார்கள்’ என்றாள் ஒரு சிறுமி. பின்னமும் படித்தாயிற்று, அரசின் நோக்கமும் அறிந்தாயிற்று. பொலநறுவையிலிருந்து ஆண்ட மன்னன் தன் ஆணையைத் தமிழிற் பொறித்தான் என்பதும் பிள்ளைகளின் மனத்திலே சொல்லாமலே பதிந்தது. முற்காலம் பிற்காலத்தார் போட்ட வேலிகளுக்குள் அடங்குவதன்று என்பதை இதனினும் எளிதாய்க் காட்ட வேறு வழி அறியோம்.

மூன்று தலைமுறை

பிறநாட்டுப் பாடநூல்கள் பல, அன்று விளக்கு, இன்று மின்சாரம். அன்று வண்டி, இன்று புகையிரதம் என்று காலத்தை ஏணியாகக் காட்டும். எமது நாட்டுப் பிள்ளைக்கு இவ்வேணி பொருந்தாது. எமது வகுப்பிலே ஒருமுறை, ‘புகையிரதத்திற் போனீர்களா?’ என்று வீட்டிலுள்ள மூவரிடம் கேட்டுவருமாறு சொன்னோம். அம்மம்மா, 1956 ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவியிலே கொழும்புக்குப் போனதைக் கதை கதையாகச் சொன்னா. அம்மாவோ, தான் பிள்ளையாயிருந்தபோது புகையிரதத்தைக் கண்டதேயில்லை என்றா. பிள்ளை கடந்த விடுமுறையிற்றான் அதிற் போய் வந்திருந்தது.

‘அம்மம்மாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்கின்றது. நடுவில் அம்மாவுக்கு மட்டும் ஏன் இல்லை?’

இவ்வினாவைப் பிள்ளைகளே எழுப்பினர். 1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் போரினால் நின்றது. 2014 ஆம் ஆண்டிலே மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. இடையிலே இருபத்துநான்கு ஆண்டுகள். அடுத்த நாள் யாம் வெற்று ஜாம் போத்தல் ஒன்றும், சிறிது பஞ்சும், மண்ணெண்ணெயும் கொண்டுசென்று, மின்சாரமற்ற அவ்வாண்டுகளிலே யாம் படித்த விளக்கைச் செய்து காட்டினோம். போத்தலின் அடியிலே சில துளி எண்ணெயே விடுதல் வேண்டும்; ஏனெனில் எண்ணெய் கிடைத்தற்கரிது. திரியை அடியிலே நிறுத்தினாற் காற்றடித்தாலும் அணையாது. பிள்ளைகள் அதனை ஒரு புதுமை போலப் பார்த்தனர்.

மாற்றம் என்பது எப்பொழுதும் மேல்நோக்கியே செல்வதன்று. உள்ளது போகவுங் கூடும், போனது வரவுங் கூடும். இரண்டிற்கும் மனிதரின் செயல்களே காரணமாகும். ஒன்பது வயதிலே இவ்வுண்மையை அறிந்த பிள்ளை வரலாற்றின் வாயிலைக் கடந்துவிட்டது எனலாம்.

கதையும் வரலாறும்

ஆசிரியர் பலர் தடுமாறும் இடம் இது. மாவிட்டபுரத்துக்கு அப்பெயர் வந்தது எவ்வாறு என்று கேட்டால், குதிரை முகங்கொண்ட சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப்பெற்றாள் என்னும் கதையைச் சொல்கின்றோம். யாழ்ப்பாணத்துக்குப் பெயர் வந்தவாறு கேட்டால், கண்ணற்ற யாழ்பாடி ஒருவர் அரசனிடம் மணற்றியைப் பரிசிலாகப் பெற்ற கதையைச் சொல்கின்றோம். பிள்ளை நிமிர்ந்து பார்த்து, ‘இஃது உண்மையா, சேர்?’ என்று கேட்கின்றது.

உண்மையென்றால் பொய்யுரைத்தவராவோம். பொய்யென்றால் முன்னோர் பேணித் தந்த இனிய கதையைக் குப்பையிலிட்டவராவோம். யாம் கடைப்பிடிக்கும் முறை இதுவே: வகுப்பின் மூலையில் மூன்று பெட்டிகள் வைத்துள்ளோம். கண்ணாற் காணும் பொருள் சொல்வது ஒரு பெட்டி. அக்காலத்தார் எழுதிவைத்தது மற்றொரு பெட்டி. பிற்காலத்தார் சொல்லிவந்த கதை மூன்றாம் பெட்டி. ஒவ்வொரு செய்தியையும் கடதாசி அட்டையில் எழுதி, எப்பெட்டிக்குரியது என்று பிள்ளைகளே ஆராய்ந்து இடுவர். இளவரசியின் கதை மூன்றாம் பெட்டிக்குட் சென்றது. அப்பெட்டி தாழ்ந்ததன்று. மக்கள் எதனை நம்பினர், எதனைப் போற்றினர் என்பதை அறிவிப்பது அதுவே. ஆயினும் அஃது ஏனையவற்றுடன் கலத்தல் ஆகாது.

இம்முறை பெரியோர்க்கும் பொருந்துவதே. ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதினார். 1928 ஆம் ஆண்டிலே சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை எழுதி, அந்நூற் செய்திகளைச் சான்றுகளோடு ஒப்புநோக்கினார். முதலியார் இராசநாயகம் 1926 ஆம் ஆண்டிலே ஆங்கிலத்திலும் 1933 ஆம் ஆண்டிலே தமிழிலும் யாழ்ப்பாண வரலாற்றை ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டார். இவர்கள் பலவிடத்து ஒருவரோடொருவர் மாறுபடுவர். அம்மாறுபாட்டைக் கண்டு அஞ்சாத மனத்தைத் தருவதே கீழ் வகுப்பில் வைத்த மூன்று பெட்டிகளின் பயன். தன் குலத்தையும் ஊரையும் பற்றி யார் எத்துணைப் பெருமை பேசினாலும், பிறரைப்பற்றி எத்துணை இழிவு கூறினாலும், ‘இஃது எந்தப் பெட்டி?’ என்று கேட்கும் பிள்ளை எளிதில் ஏமாற்றப்படாது.

யாம் செய்த பிழை

நூலாசிரியர்கள் கூறுமாறே, ‘வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றை நாளைக்குக் கொண்டுவருக’ என்று சில ஆண்டுகளுக்கு முன் நான்காந் தர வகுப்பிலே சொன்னோம். மறுநாள் மேசை நிறைந்தது. பித்தளைச் செம்பு, பாக்குவெட்டி, ஓலைச்சுவடி, வெள்ளைக்காரர் காலத்து நாணயம் எனப் பல வந்தன. ஒரு சிறுமி மட்டும் வெறுங்கையுடன் வந்திருந்தாள். ஏன் கொண்டுவரவில்லை என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். ‘எங்கள் வீட்டிற் பழைய சாமான் ஒன்றும் இல்லை, சேர். எல்லாம் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு வந்தார்களாம்’ என்றாள்.

யாமும் 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர்களுள் ஒருவரே. அவ்வாறிருந்தும் அவ்வீட்டு நிலையை எண்ணிப்பாராது வினவினோம். அன்று அவளிடம் யாது கூறுவதென்று தெரியாது நின்றோம்.

இரண்டு நாள் கழித்து அவளே ஒரு பொலித்தீன் உறையைக் கொண்டுவந்தாள். உள்ளே அவளது அம்மம்மாவின் நிவாரண அட்டை இருந்தது. மடிப்புக்களிற் கிழிந்து ஒட்டப்பட்ட அவ்வட்டையிலே குடும்பத்தார் பெயர்களும், அரிசி, மா, சீனி பெற்ற நாள்களும், முத்திரைகளும் இருந்தன. முகவரி மூன்று முறை மாற்றப்பட்டிருந்தது; முதலிரண்டு ஊர்ப் பெயர்களும் கோடிட்டு வெட்டப்பட்டிருந்தன. மேசையிலிருந்த பொருள்களுள் அதுவே மிகப் புதியது. ஆயின் மிகுதியாகப் பேசியதும் அதுவே. பிள்ளைகள் அம்மூன்று ஊர்களையும் படத்திலே தேடிக் கண்டனர். நாள்களை ஒப்பிட்டு எவ்வூரில் எத்துணை மாதம் இருந்தனர் எனக் கணக்கிட்டனர். அச்சிறுமி தலைநிமிர்ந்து நின்று, தன் வீட்டாரிடம் கேட்டறிந்தவற்றைச் சொன்னாள். பழம்பொருள் என்ற சொல்லை அன்றுடன் கைவிட்டோம். ‘உங்கள் வீட்டாரைப்பற்றிச் சொல்லும் ஒன்று’ என்றே இப்பொழுது கேட்கின்றோம்.

துன்பக் காலத்தைச் சொல்லுமாறு

போர்க்காலத்தைப் பாலரிடம் பேசலாமா என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். பேசாதுவிடின் அவர்கள் அறியாதிருப்பர் என்பது மயக்கம். மௌனம் விட்ட இடத்தை வதந்தி நிரப்பும். யாம் கொண்டுள்ள விதிகள் சிலவே. பிள்ளை கேட்டதற்கு மட்டும் விடை கூறுதல். கூறுவதை உண்மையாகக் கூறுதல். கொடுமையை வருணியாது விடுதல். எந்தப் பிள்ளையையும் தன் வீட்டு இழப்பைச் சொல்லுமாறு வற்புறுத்தாமை. ஓர் இனத்தார் முழுவதையும் பழித்துப் பேசாமை. எம்மவர் பட்டதைச் சொல்லுங்கால், எமதருகே வாழ்ந்த முஸ்லிம் மக்கள் 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வடபகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதையும் மறையாது சொல்லுதல் வேண்டும். தமக்கு நேர்ந்ததை மட்டும் நினைவில் வைப்பது வரலாறாகாது.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

சான்றுகள் என்றும் இருப்பன என்று எண்ணுதற்கில்லை. 1981 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்பர். பின்வந்த இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டகங்களிலிருந்த உறுதிகளும் கடிதங்களும் படங்களும் எத்துணை அழிந்தன என்பதை எண்ணினாரில்லை. எஞ்சியவை உங்கள் அலுமாரிகளிலும் உங்கள் நினைவிலுமே உள்ளன.

ஆதலின் இவ்விழாவுக்கு வரும் பழைய மாணவர்களிடம் மூன்று வேண்டுகின்றோம். உங்களிடமுள்ள கல்லூரிக் காலப் படங்களின் பின்புறத்திலே, நிற்போர் பெயரையும் ஆண்டையும் இன்றே பென்சிலால் எழுதி வையுங்கள். பெயரற்ற படம் அடுத்த தலைமுறைக்கு அயலார் படமே. பழைய தேர்ச்சி அறிக்கை, விடுதிக் கணக்கு, ஆசிரியர் எழுதிய கடிதம் என எதுவாயினும் எறியுமுன் ஆரம்பப் பிரிவுக்குக் காட்டுங்கள். விழா நாளிலே எமது சிறுவர் சிலர் கொப்பியும் பென்சிலுமாக உங்களிடம் வருவர். ‘நீங்கள் படித்த காலத்திலே இக்கிணற்றுக்குத் துலா இருந்ததா?’ என்று கேட்பர். அவசரமென்று ஒதுக்காது சிறிது நின்று விடை கூறுங்கள்.

நீங்கள் விடை கூறியபின் அப்பிள்ளை, ‘இஃது எவ்வாறு உங்களுக்குத் தெரியும்? கண்டீர்களா, கேட்டீர்களா?’ என்று மேலும் வினவக்கூடும். அதனை மரியாதைக்குறைவு என்று எண்ணற்க. அவ்வாறு கேட்கும்படி கற்பித்தவர் யாமே.